அப்பா புரொஜெக்டர் வாங்கின ஆடி மாதம்

நாற்பதைத் தாண்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற என் வயதுக்காரர்களே, இது உங்களுக்கு. சின்னவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு கல்யாணத்தைப் பார்ப்பதற்கு ஒரு மெஷின் வாங்க வேண்டும், அந்த மெஷினைத் தேடி ஒரு மாவட்டம் முழுக்க அலைய வேண்டும் என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். தாலி கட்டும்போதே அதைப் போனில் பார்த்து முடித்துவிட்டு முதல் பந்திக்கு ஓடுகிற ஆட்களிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

தொண்ணூறுகளின் முதல் பாதி. எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. டவுணில் கோயிலுக்கு மேற்கே ஒரு தெருவில் எங்கள் வீடு, ரயில்பெட்டி மாதிரி நீளமானது. அதை நெடுகப் பிளந்து நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் அப்பா, அம்மா, நான். அந்தப் பக்கம் அப்பாவின் அண்ணனான பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா. இரண்டாம் கட்டில் மட்டும் சுவரில் ஒரு வாசலை விட்டுவைத்திருந்தார்கள். அதன் கதவுக்கு எங்கள் பக்கம் ஒரு தாழ்ப்பாள், அவர்கள் பக்கம் ஒரு தாழ்ப்பாள். பெண்கள் கொல்லைப்புறமாகப் போய்வருவோம். அண்ணன் தம்பிக்கு மட்டும் பேச்சில்லை. அப்பாவின் கல்யாணத்தன்று நின்ற பேச்சு அது. அந்த வீட்டு மௌனம் வயதில் எனக்கு மூத்தது.

காரணம் இதுதான். தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் அப்பாவை வளர்த்துப் படிக்க வைத்தது பெரியப்பா. தன் படிப்பை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் முழம் போட்டுத் துணி கிழித்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவர். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் பெரியவர்கள் காலில் வரிசையாக விழுந்து திருநீறு பூசிக்கொள்வது எங்கள் வழக்கம். ‘மாமனார் வீட்டு ஆட்கள் காலிலெல்லாம் விழுந்தவன், தகப்பன் ஸ்தானத்தில் நின்ற என்னைத் தாண்டிப் போனான்’ என்பது பெரியப்பா கட்சி. ‘விழத்தான் போனேன், அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்’ என்பது அப்பா கட்சி. மண்டபத்தில் இருந்த சொந்தக்காரர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஆனால் ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை அஃறிணைகளிடம் சொல்லப் பழகிவிட்டார்கள். பெரியப்பா தண்ணீர்க் குழாயைப் பார்த்து, சில பேருக்கு மோட்டாரைப் போடத் தெரியும், நிறுத்தத் தெரியாது என்பார். அப்பா காப்பித் தம்ளரைப் பார்த்து, கரண்ட் பில் கட்டுகிறவனுக்கு நிறுத்தவும் தெரியும் என்பார். குழாயும் தம்ளரும் நல்ல பொறுமைசாலிகள். அவற்றால் முடியாத செய்திக்கு நான் இருந்தேன்.

அந்த வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். அப்போதுதான் விஷயம் உறைத்தது. அக்காவுக்கு இருப்பது ஒரே சித்தப்பா. அவள் பள்ளியில் படித்த காலத்தில் கணக்குப் புரியாவிட்டால் நோட்டை அந்தக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அப்பா போட்டுத் திருப்பித் தள்ளுவார். அப்படிக் கதவடி வழியாகவே பத்தாம் வகுப்பு தாண்டியவள் அவள். இப்போது அவள் கல்யாணத்து நாதஸ்வரத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டிய நிலை அப்பாவுக்கு. அழைப்பிதழில் சித்தப்பா பெயரைப் போடுவதா வேண்டாமா என்று பெரியப்பா முடிவு சொல்லாததால், அச்சுக்கோத்தவர் அந்த ஒரு வரிக்கு இடம் விட்டுவிட்டுக் காத்திருப்பதாக அக்கா வந்து சொன்னாள். ஆடி முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து அப்பா வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். வாசலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து வாசல். நீளமான வீடு என்பதால் வசதியாக இருந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் இரண்டு தகர டப்பாக்கள் வந்து சேர்ந்தன. அம்மாவின் சொந்தத்தில் கொழும்பில் கடை வைத்திருந்த மாமா ஒருவர் அப்பா அம்மா கல்யாணத்துக்குச் சினிமா கேமராவோடு வந்து படம் எடுத்தாராம். கழுவிக் கொண்டுவருகிறேன் என்று கொழும்புக்கு எடுத்துப் போனவர், அங்கே கலவரத்தில் வீடு வாசலை இழந்து, எங்கெங்கோ அலைந்து, போய்ச்சேர்ந்தும் விட்டார். அவர் பெட்டியைக் கிளறிய அவர் மனைவி, உங்கள் வீட்டுப் படம் என்று யார் மூலமோ அனுப்பிவைத்தாள். ஒரு டப்பாவில் அப்பா அம்மா கல்யாணம். இன்னொன்றில் ஒரு யானை குளிக்கிறது. யானை எங்களுக்கு ஏன் வந்தது என்பது இன்றுவரை தெரியாது.

அப்பாவுக்குத் தணிக்கைத் துறையில் வேலை. ரசீது இல்லாமல் எதையும் நம்ப மாட்டார். ரசீது இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுவார். டப்பாவைக் கையில் வாங்கியதும், “இனி ஊரு சொல்லுத சாட்சியே வேண்டாம்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. படத்தை அண்ணனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், அண்ணன் தன் தப்பைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு அழைப்பிதழில் தானாகப் பெயர் வந்து உட்காரும். இதுதான் திட்டம். ஒருவர் தோற்றால் உறவு கூடிவிடும் என்று படித்த ஒரு மனிதர் எப்படி நம்பினார் என்று இப்போது யோசிக்கிறேன். நானும் என் பங்குக்குக் கல்யாணமாகி இருபது வருடமாக அதையே நம்பி வந்திருக்கிறேன் என்பதால் மேலே பேசவில்லை.

மெட்ராஸுக்கு அனுப்பினால் வீடியோ கேசட்டில் ஏற்றித் தருவார்கள், வாடகைக்கு டெக் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். ஆதாரத்தைக் கைமாற்றக் கூடாது என்றார் அப்பா. சுருளோ ஈரத்திலும் வெயிலிலும் கிடந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. ஒரு தடவை ஓடும். அடுத்த தடவைக்கு உத்தரவாதமில்லை. ஆகவே வாங்கப்போகும் புரொஜெக்டர் மெஷின் நம்பகமானதாக இருக்க வேண்டும். புதிது கிடைக்காது, பழையதைத்தான் பார்க்க வேண்டும். பழையதை நம்புவது எப்படி? அதற்குத்தான் யானை. விற்கிறவர் வீட்டில் முதலில் யானைப் படத்தை ஓட்டிப் பார்ப்பது. யானை பிழைத்தால் மெஷினை வாங்குவது.

ஞாயிறுதோறும் கிளம்பினோம். டப்பாவைச் சுமப்பது நான். முதலில் பாபநாசம். மேலே எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், அங்கே கூலிக்காரர்களுக்குப் படம் காட்டிய மெஷினை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். ஆர்மோனியப் பெட்டி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்த உருவம். எங்கள் சுருளை அதில் வைத்ததும் அண்டாவில் விழுந்த டீஸ்பூன் மாதிரி இருந்தது. அகலமே சேரவில்லை. அவ்வளவு தூரம் போனதற்கு அருவியில் குளித்துவிட்டாவது வரலாம் என்றேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கரையில் செருப்போடு இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தார். தலை துவட்டுவதற்குள் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அடுத்தது டவுணிலேயே ஒரு ஸ்டுடியோ. கைக்கு அடக்கமான பச்சை மெஷின், சுருளும் அச்சாகப் பொருந்தியது. அப்பா சிரித்தே விட்டார். சுவிட்சைப் போட்டதும் எலி ஓலைப்பெட்டியைக் கடிக்கிற சத்தம் கேட்டது. நிறுத்துவதற்குள் யானையின் தும்பிக்கை போய்விட்டது. ஸ்டுடியோக்காரர் துண்டுகளைக் கூட்டிக் குப்பையில் போட்டபடி, இந்த மெஷின் பழைய மாதிரி, உங்கள் படம் அதற்குப் பிறகு வந்த மாதிரி, அகலம் ஒன்றுதான், ஓரத்து ஓட்டைதான் வேறு என்று விளக்கினார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் அப்பா.

“கேட்டாத்தானே அண்ணாச்சி சொல்ல முடியும். கடைக்கு வந்தவாளுக்கு நாம பாடமா எடுக்க முடியும்?”

பாளையங்கோட்டையில் ஒரு தலைமையாசிரியர் வீட்டு மெஷினுக்கு ஓட்டை சரி, பல்பும் சரி. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் நம்மூர் வெயிலில் உருகிக் கருப்பட்டிப் பாகாகி இருந்தது. யானையின் முன்னங்கால்கள் அந்தப் பாகில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. வேறொரு வீட்டில் பல்புக்குப் பதில் ஸ்கூட்டர் விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். அதன் சூட்டில் யானையின் முதுகில் ஒரு பொத்தல். நாங்கள் வீடு திரும்பும்போதெல்லாம் அம்மா, “இன்னைக்கு யானை எம்புட்டு மிச்சம்?” என்று கேட்பாள். எனக்கு அந்த யானைமேல் பாசம் வந்துவிட்டிருந்தது. அது தண்ணீரில் சாய்ந்து கண்ணை மூடுகிற இடம் எங்கே வருகிறது என்று எனக்கு மனப்பாடம். அதன் வால் இருக்கிற ஒரு துண்டு மட்டும் இப்போதும் என் தையல் டப்பாவில் கிடக்கிறது. எங்கள் டவுண் வீட்டை விற்றாகிவிட்டது. சுவரிருந்த இடத்தில் ஒருவர் செல்போனுக்குக் கண்ணாடி மாற்றுகிறார்.

ஆடி பிறந்துவிட்டது. அக்கா கொல்லைப்புறம் வந்து, அச்சகத்திலிருந்து ஆள் விட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு என் பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள். அப்பா சித்தப்பாவாக வருவாரா என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மெஷின் கிடைத்ததா என்றுதான் கேட்டாள்.

கடைசியாக ஆழ்வார்திருநகரி. திருச்செந்தூர் பாசஞ்சரில் போனோம். மலேயாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய டாக்டர் ஒருவர், கம்பளியில் சுற்றிய குழந்தையைப் போல மெஷினைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். ஓட்டினார். தும்பிக்கை இல்லாத, கால் இல்லாத, முதுகில் பொத்தல் விழுந்த எங்கள் யானை வெள்ளைச் சுவரில் நிம்மதியாகக் குளித்தது. ஒரு கீறல் இல்லை. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

அப்பாவோ குனிந்து மெஷினைச் சுற்றி வந்தார். கைப்பிடியில் பெயின்ட் போயிருக்கிறதே என்றார். சத்தம் கொஞ்சம் கூடுதலோ என்றார். வயர் பழையதாகத் தெரிகிறதே என்றார். இன்னொரு இடமும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அவர் சொன்னபோது டாக்டர் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“உமக்குச் சந்தேகம் மெஷின் மேலயா வே, இல்ல படத்து மேலயா?”

அப்பா கைக்குட்டையால் பின்கழுத்தைத் துடைத்தார். பிறகு, யாரென்றே தெரியாத அந்த மனிதரிடம் முழுக் கதையையும் சொன்னார். நான் அதுவரை கேட்டிராத ஒன்றையும் சொன்னார். அன்று திருநீற்றுத் தட்டுக்கு முன்னால் தான் நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அண்ணன் திரும்பிப் போனதும் ஞாபகம் இருக்கிறது, நடுவில் என்ன நடந்தது என்பதுதான் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை என்றார். டாக்டர் மெஷினை மறுபடி கம்பளியில் சுற்ற ஆரம்பித்தார். எங்களுக்குத் தர மாட்டேன் என்கிறாரோ என்று பயந்தேன். சுற்றிக் கட்டி என் மடியில் வைத்தார்.

ஆடியில் வீட்டுக்குப் புதுச் சாமான் வரக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பழசுதானே என்ற வாதம் எடுபடவில்லை. பழசானாலும் நம் வீட்டுக்குப் புதுசுதான் என்பது அவள் சட்டம். அதனால் ஆடியில் இரவல், ஆவணி பிறந்ததும் விலை என்று டாக்டரிடம் பேசி முடித்தோம். சாமிக்குத் தெரிந்தாலும் தணிக்கையில் நிற்கும் என்றார் அப்பா.

இனி பெரியப்பாவை அழைக்க வேண்டும். என்னை அனுப்பினார்கள். அவன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொல் என்றார் பெரியப்பா. மெஷினை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் இறக்க நான் என்ன டூரிங் டாக்கீஸா என்று கேள் என்றார் அப்பா. சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடி எனக்குக் கால் வலித்தது. கடைசியில் வழி கண்டுபிடித்தது அக்கா. இரண்டாம் கட்டுக் கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டு, வாசலில் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டால் போதும். மெல்லிய வேட்டியில் விழுகிற படம் இரண்டு பக்கமும் தெரியும். அவரவர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். இதற்குப் பெரியப்பா சம்மதித்தார். எங்கள் பக்கத்துப் பழைய வேட்டியைப் பார்த்ததும் மட்டும், தன் முகம் கண்டகண்ட துணியில் விழக் கூடாது என்று கடையிலிருந்து புது மல் வேட்டி ஒன்றைப் பிரித்து அனுப்பினார்.

எங்கள் இரண்டாம் கட்டில் ஜன்னல் கிடையாது. மத்தியானத்திலும் லைட்டைப் போட்டால்தான் கை தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டுவது என்று ஏற்பாடு. டிரங்குப் பெட்டிமேல் மெஷின். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தமும் பெரியப்பாவின் செருமலும் கேட்டன. அப்பா சுருளை மாட்டி முடிக்கப் பல நிமிடம் பிடித்தது. மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினார். நான்தான் லைட்டை அணைத்தேன்.

வேட்டியில் மண்டபம் வந்தது. மேளக்காரரின் கன்னம் வந்தது. யார் யாரோ ஒல்லியாக இருந்தார்கள். அப்பாவுக்கு அத்தனை முடி இருந்ததை நான் நம்பவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். தாலி கட்டுகிற இடத்தில் கொழும்பு மாமா கேமராவை ஆட்டியதால் கூரைதான் தெரிந்தது. பிறகு பெரியவர்கள் வரிசை. அப்பாவின் துண்டும் அம்மாவின் முந்தானையும் முடிச்சுப் போட்டிருக்க, இருவரும் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து நகர்ந்தார்கள். வரிசையில் அடுத்தவர் பெரியப்பா. கையில் தட்டு. விரலில் திருநீற்றை எடுத்துத் தயாராக நிற்கிறார்.

அப்பா அவர் முன்னால் வந்து நின்றார். குனியப் போனார். அப்போது கேமராப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். அப்பா நிமிர்ந்து, நேரே எங்களைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். ஒரு தடவை தலையையும் கோதிக்கொண்டார். சிரித்தபடியே அடுத்த ஆளிடம் போய் விழுந்தார். பின்னால் பெரியப்பாவின் கை திருநீற்றோடு அப்படியே நின்றது. பிறகு கை இறங்கியது. பிறகு அவர் திரும்பிப் போனார்.

மெஷின் ஒரு இடத்திலும் தடங்கவில்லை. அவ்வளவு நம்பகமான மெஷின்.

படம் முடிந்து வேட்டி வெள்ளையாயிற்று. அப்பா இரண்டு கையையும் மெஷின்மேல் வைத்து நின்றார். சுடும் என்று சொல்ல நினைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல், குழாயிடமும் இல்லாமல் பெரியம்மாவிடமும் இல்லாமல், நடுவில் எங்கோ கேட்டது.

“இடது கையாலயா திருநீறு எடுக்கேன் நான்? எங்க அப்பா சத்தியமா நான் அப்படி எடுக்க மாட்டேன். படத்துல என்னமோ பண்ணியிருக்கானுவோ.”

அப்போதுதான் புரிந்தது. வேட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்ததில் அவருக்கு எல்லாம் இடம் வலமாகத் தெரிந்திருக்கிறது. தம்பி செய்ததை அவர் கவனிக்கவே இல்லை. குழுப் படத்தைக் கையில் வாங்கினால் நாமும் முதலில் நம்மைத்தானே தேடுகிறோம். அவர் தேடியது தன் கையை. அந்தக் கை இடது கையாகத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் கொலைப்பழியைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள்.

அப்பா பேசாமல் இருந்திருக்கலாம். படத்தைச் சுருட்டி டப்பாவில் போட்டிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். அவர் என்னைப் பார்த்து, மெல்லிய குரலில், பின்னாலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்படியானால் சுருளைத் திருப்பிப் போடச் சொல் என்று பதில் வந்தது. ஓட்டை ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது, திருப்பினால் மாட்டாது என்றார் அப்பா. அதையும் சொன்னேன்.

வேட்டி அசைந்தது. முதலில் கால், பிறகு கைத்தடி, பிறகு தலை. பெரியப்பா துணியை விலக்கிக் குனிந்து எங்கள் வீட்டுக்குள் வந்தார். என் ஆயுளில் முதல் தடவை. அம்மா சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுட்டி.”

இன்னொரு தடவை ஓட்டினால் அறுந்தாலும் அறுந்துவிடும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். சுருளைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி மாட்டிய அப்பாவின் விரல் சுவிட்சுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றதை நான் பார்த்தேன். போட்டார்.

மேளக்காரர், ஒல்லியான மனிதர்கள், கூரை. வரிசை வந்தது. தட்டு வந்தது. பெரியப்பா முன்னால் சாய்ந்து, தன் கை வலது கைதான் என்று கண்டதும் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். சாய்ந்த பிறகுதான் மற்றதைப் பார்த்தார். தம்பி சிரித்தது, தலை கோதியது, தாண்டிப் போனது. படம் முடிந்தும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. சுருளின் வால் டப் டப்பென்று அடித்தது. அவர் திரும்பி, சுவரையோ தம்ளரையோ என்னையோ பார்க்காமல், அப்பாவைப் பார்த்தார்.

“ஏலே. அங்கன என்னத்தைப் பார்த்துலே அப்படி இளிச்சே?”

“கேமராவை, அண்ணாச்சி.” அப்பாவின் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை. “இங்க பாருங்க மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாரு. நான் அதுவரைக்கும் சினிமா கேமராவையே பார்த்தது இல்ல.”

“நான் குனிஞ்சேன் பெரியத்தான்,” என்றாள் அம்மா, இருட்டிலிருந்து. “பாதிதான் குனிய முடிஞ்சது. முடிச்சு இழுத்துட்டு.”

பெரியப்பா அவள் பக்கம் தலையைத் திருப்பினார். இத்தனை வருடத்தில் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். “என்கிட்ட ஒருத்தரும் கேக்கல.”

அப்பா மெஷினை நிறுத்தினார். மின்விசிறி மாதிரி அது இரைந்து அடங்க, இரண்டாம் கட்டு கன்னங்கரேலென்று ஆயிற்று. சுருள் அறுந்ததா இல்லையா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அப்பா டிரங்குப் பெட்டியைச் சுற்றி வருவதும், நாற்காலிக்கு முன்னால் தரையில் முழங்கால் படுவதும் சத்தமாகத்தான் எனக்குத் தெரிந்தது. பெரியப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“லைட்டைப் போட்டுட்டு விழுலே. இல்லேன்னா பிறகு நான் பார்க்கவே இல்லைன்னு சொல்லுவேன்.”

அம்மா சுவிட்சைப் போட்டாள்.